பழைய வழக்கும் புது இதழும்: மதுரைப் பக்கத்துக் கூட்டத்தில் முதல்முறை உட்காருபவருக்கு

பழைய கொலை, கொள்ளை வழக்குகளைத் தோண்டிப் படிப்பதை ருசியாகக் கொண்ட நாலைந்து பேர் மதுரையில் ஒரு டீக்கடை பெஞ்சில் கூடுகிறார்கள் என்று வையுங்கள். ஒருவர் ஓய்வுபெற்ற தாசில்தார், ஒருவர் வக்கீல் குமாஸ்தா, ஒருவர் பள்ளி ஆசிரியர். அவர்கள் வாங்கும் சிற்றிதழின் புது இதழ் வந்த வாரம் அந்தப் பெஞ்சில் சத்தம் கூடிவிடும். புதியவர் காதில் அது சண்டை மாதிரி விழும். உண்மையில் அங்கே நடப்பது சரிபார்ப்பு வேலைதான், கிண்டல் அதன் மேல்பூச்சு. "எங்கண்ணே பாத்தீக?" என்ற கேள்வியை ஒரு மணி நேரத்தில் இருபது தடவை கேட்பீர்கள். அதற்குப் பதில் வைத்திருப்பவர் அன்றைக்கு ஜெயித்தவர்.

அந்தப் பெஞ்சில் வாயடைத்துப் போகாமலும், வாய்விட்டு மாட்டிக்கொள்ளாமலும் உட்காருவதற்கான வழி இது.

முதலில், வாசிப்பு

இதழை இரண்டு தடவை படியுங்கள். முதல் வாசிப்பில் பென்சிலைத் தொடவே வேண்டாம், கதை எப்படிப் போகிறது என்று மட்டும் பாருங்கள். இரண்டாவது வாசிப்பை மறுநாள் வைத்துக்கொள்ளுங்கள். மென்மையான பென்சில் ஒன்று, கிழித்த காகிதத் துண்டுகள் பத்து, செல்போனில் ஒரு பஞ்சாங்கச் செயலி, இவ்வளவு போதும். பேனா வேண்டாம். நீங்கள் பிழை என்று சுழித்தது சரி என்று தெரியவரும்போது அழிக்க முடியாது, பக்கத்தில் இருப்பவரும் அந்தச் சுழியை மறக்கவிட மாட்டார்.

இரண்டாவது வாசிப்பில் ஐந்து வகைச் சொற்களின் கீழ் மட்டும் கோடு போடுங்கள்: தேதியும் கிழமையும், இடப்பெயர், பணம், சட்டப்பிரிவு எண், யார் எதைக் கண்ணால் பார்த்தார் என்ற வாக்கியம். வர்ணனை, வசனம், "பயங்கர இரவு" வகையறாக்களை விட்டுவிடலாம். அவற்றைக் கிண்டல் செய்வது சுலபம், ஆனால் அதனால் எதுவும் தெரியவராது.

ஒரு பத்தியை அறுத்துப் பார்ப்போம்

கீழே இருப்பது பயிற்சிக்காகப் புனைந்த பத்தி. இப்படி ஒரு வழக்கு நடக்கவில்லை. பல கட்டுரைகளில் சிதறிக் கிடக்கும் பிழைகளை ஒரே பாத்திரத்தில் போட்டுக் கிண்டியிருக்கிறோம்.

"1938 டிசம்பர் 21, வெள்ளிக்கிழமை. தேனி மாவட்டம் ஆண்டிபட்டியை ஒட்டிய கிராமத்தில் பால்நிலா காய்ந்துகொண்டிருந்தது. வீட்டுக்குள் புகுந்து கூட்டுக்கொள்ளை அடித்த மூன்று பேர், முதியவரை வெட்டிவிட்டு ஐந்து ரூபாய் எண்பது பைசாவோடு ஓடினார்கள். வேலிக்கு அப்பால் ஐம்பது கஜத்தில் நின்ற பக்கத்து வீட்டுக்காரர் மூவரின் முகத்தையும் பார்த்துவிட்டார். அரிவாளை வைகை அணைக்குள் வீசியதாக அவர்கள் போலீசிடம் ஒப்புக்கொண்டதே முக்கியச் சாட்சியமானது. 302-வது பிரிவில் விதித்த தூக்குத் தண்டனையை மதுரை உயர்நீதிமன்றக் கிளை உறுதி செய்தது."

கிழமையில் தொடங்குங்கள், செல்போன் நாள்காட்டியைப் பின்னால் தள்ளினால் அரை நிமிட வேலை. 1938 டிசம்பர் 21 புதன்கிழமை. தேதி தப்பா, கிழமை தப்பா? அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். கிராமத்துச் சாட்சி கிழமையையும் சந்தை நாளையும் நினைவில் வைத்திருப்பார், ஆங்கிலத் தேதியை எழுதியவர் எழுத்தர். இரண்டும் மோதினால் சாட்சி சொன்ன கிழமைக்குக் கொஞ்சம் கூடுதல் மதிப்புக் கொடுங்கள்.

அடுத்தது நிலா. அந்தத் தேதி அமாவாசையை ஒட்டியது. பால்நிலா காய வாய்ப்பே இல்லை. இது சில்லறைப் பிழை கிடையாது. ஐம்பது கஜம் என்றால் 150 அடி. அமாவாசை இருட்டில் அவ்வளவு தூரத்தில் மூன்று முகங்களை எப்படி அடையாளம் கண்டார்? கையில் அரிக்கேன் விளக்கு இருந்ததா, வீட்டுக்குள் விளக்கு எரிந்ததா? நிலா கட்டுரையாளர் சேர்த்த அலங்காரம் என்றால் சாட்சியம் பிழைத்துக்கொள்ளும். சாட்சியே நிலா வெளிச்சம் என்று சொல்லியிருந்தால், ஒன்று தேதி பிழை, இல்லை வழக்கே ஆட்டம் காண்கிறது. கூட்டத்துக்குப் போய்ப் பேச இந்த ஒரு புள்ளி போதும்.

"தேனி மாவட்டம்" 1990களில் மதுரையிலிருந்து பிரிந்தது. 1938-ல் ஆண்டிபட்டி மதுரை மாவட்டம். இன்றைய வாசகருக்காக அப்படி எழுதினேன் என்று கட்டுரையாளர் சொன்னால் ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் ஆவணம் தேடப் போகிறவருக்கு இது தெரியாவிட்டால் கால்வலிதான் மிச்சம். திண்டுக்கல் 1985 வரை மதுரை மாவட்டத்துக்குள் இருந்தது. சிவகங்கையும் விருதுநகரும் அதே 1985-ல் இராமநாதபுரத்திலிருந்து வெளியே வந்தன. இராமநாதபுரம் மாவட்டமே 1910-ல்தான், மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து வெட்டி எடுத்த பகுதிகளைச் சேர்த்து உருவானது. ஊர் அதே இடத்தில் இருக்க, அதன் ஆவணக்கட்டு மாவட்டம் மாவட்டமாகக் குடிபெயர்ந்திருக்கும்.

ஐந்து ரூபாய் எண்பது பைசா: இந்த இடத்தில் பெஞ்சு குலுங்கிச் சிரிக்கும். நயா பைசா வந்தது 1957 ஏப்ரல் 1-ல். அதற்கு முன் ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை (தம்பிடி). பழைய கட்டில் "ரூ. 5-8-0" என்று எழுதியிருக்கும், அதாவது ஐந்து ரூபாய் எட்டு அணா, ஐந்தரை ரூபாய். அதை 5.80 என்று படித்தவர் மூல ஆவணத்தையோ அதன் நகலையோ நிஜமாகவே பார்த்திருக்கிறார் என்பதற்கு இந்தப் பிழையே சாட்சி. கேலி செய்துகொண்டே அந்த மரியாதையையும் கொடுத்துவிடுங்கள்.

வைகை அணை 1959-ல் திறந்தது. "அண்ணே, அணை கட்டுறதுக்கு இருபத்தோரு வருசம் முன்னாடியே அருவாளக் கொண்டுபோய்ப் போட்டுட்டீகளே!" என்று யாராவது ஒருவர் சொல்லியே தீருவார். நீங்கள் சொல்ல வேண்டாம், மூத்தவர்களுக்கு விட்டுவிடுங்கள். அரிவாளை ஆற்றில் வீசியிருக்கலாம் என்பதால் இதுவும் வழக்கைக் கவிழ்க்காது.

சட்டப் பகுதிதான் புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம். கூட்டுக்கொள்ளை என்றால் இந்திய தண்டனைச் சட்டப்படி குறைந்தது ஐந்து பேர் வேண்டும். மூன்று பேர் செய்தால் அது வெறும் கொள்ளை. ஐந்து பேரோ அதற்கு மேலோ கொள்ளையடிக்கும்போது ஒருவர் கொலை செய்தால் 396-வது பிரிவு வரும். பத்தியில் கொலைக்கான 302 மட்டும் இருப்பதால் "மூன்று பேர்" என்ற எண்ணிக்கை சரியாகவும், "கூட்டு" என்ற சொல் எழுதுபவரின் வேகமாகவும் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். கொலைக்கு 103 என்றுதானே இப்போது பார்க்கிறோம், 302 தப்பாச்சே என்று கையைத் தூக்கிவிடாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில்தான் கொலைக்கு 103. அதில் 302 என்பது மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சு பற்றியது. பழைய வழக்குக்குப் பழைய எண்தான் சரி.

"போலீசிடம் ஒப்புக்கொண்டதே முக்கியச் சாட்சியம்" என்ற வரியை இரண்டு கோடு போட்டு அடையாளம் செய்யுங்கள். 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 25-வது பிரிவுப்படி போலீஸ் அதிகாரியிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. 27-வது பிரிவில் ஒரு சிறு கதவு உண்டு: அவர் சொன்ன தகவலால் ஒரு பொருள் கிடைத்தால், அந்தப் பொருளோடு நேரடியாகத் தொடர்புள்ள சொற்கள் மட்டும் உள்ளே வரும். எனவே கேட்க வேண்டியது, அரிவாள் கிடைத்ததா? கிடைத்தபோது உடனிருந்து மகஜரில் (பொருளைக் கைப்பற்றியதை எழுதிவைக்கும் பத்திரம்) கையெழுத்துப் போட்டது யார்? பத்தியில் வீசியதாகச் சொன்னது மட்டும் இருக்கிறது, எடுத்ததாக இல்லை.

மதுரைக் கிளை தொடங்கியது 2004 ஜூலையில். அதற்கு முன் எல்லா மேல்முறையீடும் சென்னைக்குத்தான். இந்தத் தகவலோடு ஒரு நல்ல சாவியும் ஒட்டியிருக்கிறது. செஷன்ஸ் நீதிமன்றம் விதிக்கும் தூக்குத் தண்டனை உயர்நீதிமன்றம் உறுதி செய்தால்தான் நிற்கும். அதனால் தூக்கு விதித்த ஒவ்வொரு வழக்கும் சென்னைக்குப் போயே ஆகவேண்டும். அங்கே அதற்கு "ரெஃபர்டு டிரையல்" என்று தனி வரிசை எண் உண்டு. கட்டுரையாளரிடம் அந்த எண்ணையும் ஆண்டையும் கேளுங்கள். சொல்லிவிட்டால் மீதியை நம்பிக்கையோடு படிக்கலாம்.

ஆதாரம் எங்கே கிடைக்கும், எப்படி ஏமாற்றும்

உயர்நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு இந்தியன் லா ரிப்போர்ட்ஸின் மெட்ராஸ் வரிசை 1876 முதலும், மெட்ராஸ் லா ஜர்னல் 1891 முதலும் உண்டு. பழைய வக்கீல் அலுவலகங்களில் தோல் அட்டைத் தொகுதிகளாக அடுக்கி வைத்திருப்பார்கள், மரியாதையாகக் கேட்டால் பார்க்கவிடுவார்கள். தீர்ப்பைப் படிக்கும்போது இரண்டு பள்ளங்கள். மேலே இருக்கும் தலைக்குறிப்பு பதிப்பாசிரியர் எழுதியது, நீதிபதி சொன்னதல்ல. அடுத்து, "அரசுத் தரப்பு வழக்கு என்னவென்றால்" என்று தொடங்கும் பத்திகள் நீளமாக, கதை மாதிரி, படிக்கச் சுகமாக இருக்கும். அது குற்றச்சாட்டு. நீதிமன்றம் எதை நம்பியது என்பது கடைசிப் பக்கங்களில் வறட்டு நடையில் இருக்கும். கட்டுரைகளில் பாதிக்கு மேல் முதல் பகுதியை எடுத்து "நடந்தது" என்று எழுதிவிடுகின்றன. விடுதலையான வழக்கில்கூட!

இதற்கு ஊரறிந்த எடுத்துக்காட்டு 1944-இன் லட்சுமிகாந்தன் கொலை வழக்கு. தியாகராஜ பாகவதருக்கும் என்.எஸ். கிருஷ்ணனுக்கும் 1945-ல் தண்டனை கிடைத்ததோடு கதையை முடிக்கும் கட்டுரைகள் இன்றும் வருகின்றன. லண்டனில் இருந்த அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் வழக்கைத் திருப்பி அனுப்பியதையும், 1947-ல் இருவரும் விடுதலையானதையும் விட்டுவிட்டு எழுதினால், எழுதியவரை எவ்வளவு வேண்டுமானாலும் கலாய்க்கலாம். கூட்டத்தில் யாரும் தடுக்க மாட்டார்கள்.

செய்தித்தாளுக்கு வருவோம். தினத்தந்தி 1942-ல் மதுரையில்தான் பிறந்தது. சுதேசமித்திரன், தினமணி, ஆங்கில இந்து ஆகியவற்றின் பழைய தாள்களைப் பெரிய நூலகங்களில் நுண்படமாகப் பார்க்கலாம். செய்தியில் வரும் "நேற்று" என்பதை அச்சான தேதியிலிருந்து எண்ணாதீர்கள். செய்தியின் தலையில் "மதுரை, ஜூன் 18" என்று இருக்கும், அந்த 18-லிருந்து எண்ணினால் சம்பவம் 17. தாளோ 19-ஆம் தேதியிட்டதாக இருக்கும். ஒரே கொலைக்கு மூன்று கட்டுரைகளில் மூன்று தேதி வருவது பெரும்பாலும் இதனால்தான்.

ஆங்கில ஆவணங்களில் தேடும்போது "மதுரை" என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. அந்தக் காலத்து எழுத்தில் "மதுரா". இராமநாதபுரம் "ராம்நாட்", திருநெல்வேலி "டின்னவெல்லி". ஆள் பெயரில் இன்னும் கவனம் வேண்டும். கருப்பன், மாயாண்டி, வீரன் என்ற பெயரில் ஒரே ஊரில் பத்துப் பேர் இருப்பார்கள். தகப்பன் பெயரும் ஊரும் பொருந்தாமல் இரண்டு ஆவணத்து மாயாண்டிகளை ஒருவராக்கிவிடாதீர்கள். ஒரு அப்பாவியின் தலையில் இரண்டு கொலைகளை ஏற்றிவிடுவீர்கள்.

சம்பவம் நடந்த சில வாரங்களில் அச்சாகிச் சந்தையிலும் ரயிலடியிலும் பாடி விற்ற கொலைச்சிந்துகள், அதாவது கொலையைப் பாட்டாகச் சொல்லும் சிறு புத்தகங்கள், தனி ரகம். மெலிந்த தாளில் சில பக்கங்கள், மேலே மெட்டின் பெயர். மீனாட்சி கோயில் புதுமண்டபத்துப் புத்தகக் கடைகள் (இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன) பாட்டுப் புத்தகங்களுக்குப் பேர்போனவை. இன்று தேட நல்ல இடம் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். அதன் அடித்தளமே செட்டிநாட்டுக் கோட்டையூரில் ஒரு தனிமனிதர் சேர்த்து வைத்த சேகரிப்புதான். சிந்து என்ன நடந்தது என்று சொல்லாது. ஊர் அதை எப்படி நினைத்து அழுதது என்று சொல்லும். அதில் தமிழ் ஆண்டுதான் இருக்கும், அந்தப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். வெகுதானிய என்றால் 1878, 1938, 1998 மூன்றும்தான். இன்னொரு சிக்கல், ஆண்டு சித்திரையில் தொடங்குவதால் வெகுதானிய தை மாதம் என்பது 1939 ஜனவரி.

போலீஸ் பதிவேடுகளைப் பற்றி மதுரைப் பக்கத்தில் தனியாகச் சொல்லியாக வேண்டும். குற்றப் பரம்பரைச் சட்டம், மக்கள் வாயில் ரேகைச் சட்டம், பிறமலைக் கள்ளர்கள் மீது விழுந்த பிறகு, ஒரு குற்றமும் செய்யாதவர் பெயரும் பிறப்பின் காரணமாகவே பதிவேட்டில் ஏறியது. 1920 ஏப்ரல் 3-ல் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது இந்தப் பதிவை எதிர்த்ததற்காக. சென்னை மாகாணத்தில் சட்டம் 1947 வரை இருந்தது. ஆகவே அந்தக் காலத்துப் பதிவேட்டில் பெயர் இருப்பதைக் காட்டி "பழைய குற்றவாளி" என்று ஒரு கட்டுரை எழுதினால், தண்டனைத் தீர்ப்பு எங்கே என்று கேட்க வேண்டும். இந்தக் கேள்வியைச் சிரிக்காமல் கேளுங்கள். 1906-ல் பிரான்சிஸ் தொகுத்த மதுரை மாவட்ட கெஜட்டியரில் காவல் முறை, களவு போன மாட்டை மீட்கத் தரும் துப்புக்கூலி பற்றியெல்லாம் அருமையான விவரம் உண்டு. ஆனால் அது ஆட்சியாளர் கண்ணால் பார்த்தது.

எந்த ஊர் வழக்கு?

இதழில் ஆளவந்தார் கொலை வழக்கு வந்தால் மானாமதுரைக்காரர் ஒருவர் "நம்மூர் கேசுப்பா" என்று நிமிர்ந்து உட்காருவார். 1952 ஆகஸ்டில் தலையில்லாத உடலோடு ரயில் பெட்டிக்குள் டிரங்குப் பெட்டி கிடைத்தது மானாமதுரையில்தான். கொலை நடந்தது சென்னையில், தலை கிடைத்தது இராயபுரம் கடற்கரையில், விசாரணையும் சென்னையில். பிணம் கிடைத்த ஊர், கொலை நடந்த ஊர், வழக்கு நடந்த ஊர் மூன்றையும் தனித்தனித் துண்டில் எழுதிவைத்துக்கொண்டால், எந்த ஆவணத்துக்கு எந்த ஊருக்குப் பஸ் ஏறுவது என்று குழம்ப வேண்டாம். மானாமதுரைக்காரரை மட்டும் அன்றைக்கு நிம்மதியாக டீ குடிக்க விடமாட்டார்கள்.

வெளிநாட்டு வழக்கு வந்தாலும் முறை இதேதான். 1888 லண்டன் வைட்சேப்பல் கொலைகளைப் (ஜாக் தி ரிப்பர் வழக்கு) பற்றி எழுதுபவர்கள் லண்டன் போலீஸ் அதிகாரி மெல்வில் மக்னாட்டன் 1894-ல் எழுதிய அலுவலகக் குறிப்பை வேதவாக்காக எடுப்பார்கள். அதில் சந்தேக நபராகக் குறித்த ட்ரூயிட்டை மருத்துவர் என்கிறார், அந்தக் குறிப்பின் இன்னொரு படியில் வயது சுமார் 41 என்கிறார். ஆனால் ட்ரூயிட் பாரிஸ்டர், பள்ளி ஆசிரியர், இறக்கும்போது வயது 31. மக்னாட்டன் போலீஸ் வேலைக்குச் சேர்ந்ததே கொலைகளுக்கு அடுத்த ஆண்டு, 1889-ல். பெரிய அதிகாரி கையெழுத்து இருக்கிறதே என்று மடக்குபவரிடம் இதை எடுத்துப் போடுங்கள்.

பேச்சில் எது செல்லும், எது செல்லாது

முதல் கூட்டத்தில் ஒரே ஒரு புள்ளி பேசுங்கள். பத்துத் துண்டு எழுதியிருந்தாலும் ஒன்பதைப் பையில் வையுங்கள். கேள்வியாகவே கேளுங்கள்: "அண்ணே, இருபத்தொண்ணாந் தேதி அமாவாசையாச்சே, சாட்சி எப்படிப் பாத்திருப்பாரு?" இப்படிக் கேட்டால் பதில் சொல்லவும் சிரிக்கவும் இடம் இருக்கிறது. "தப்பா எழுதியிருக்கீங்க" என்று தொடங்கினால் எழுதியவர் விறைத்துக்கொள்வார், பிறகு அந்த நிலா விவகாரம் வெளியே வராமலே போய்விடும்.

உங்களைக் கிண்டல் செய்தால் துண்டை எடுத்து நீட்டுங்கள். துண்டு இல்லையென்றால் "பாத்துட்டு வந்து சொல்றேண்ணே", அவ்வளவுதான். இதைச் சொல்லிவிட்டு நிஜமாகவே பார்த்துவிட்டு வருபவரை அடுத்த மாதம் பெஞ்சில் நகர்ந்து உட்காரவைப்பார்கள்.

செத்தவரைக் கிண்டல் செய்யக் கூடாது. சாதியை வைத்து ஊகம் செய்யக் கூடாது. "அந்த ஆளுங்கன்னா அப்படித்தான்" என்று ஒரு வாக்கியம் விழுந்தால் கூட்டம் அங்கேயே கலைந்துவிடும், கலையவும் வேண்டும். பேரன் பேத்திகள் அதே தெருவில் இருப்பார்கள், டீ ஆற்றிக் கொடுப்பவரே உறவாக இருக்கலாம். இறந்தவர் மீது பழி சொல்வதும், அது குடும்பத்தார் மனதைப் புண்படுத்தும் நோக்கத்தில் இருந்தால், அவதூறாகலாம் என்று சட்டமே சொல்கிறது, பழைய சட்டத்தில் 499, இப்போது 356. முதல் கட்டுரைக்கு எழுபத்தைந்து ஆண்டு தாண்டிய வழக்கை எடுப்பது நல்லது. பிரேதப் படங்களை வாட்ஸ்அப்பில் சுற்றவிடாதீர்கள். இதழின் பக்கங்களைப் படமெடுத்து அனுப்புவதும் வேண்டாம், இருநூறு முந்நூறு பிரதி விற்று ஓடும் இதழுக்கு அது அடி.

ஆசிரியருக்குக் கடிதம்

பேசியதில் நின்றது எதுவோ அதை மட்டும் நூற்றைம்பது சொல்லுக்குள் எழுதி அனுப்புங்கள். பக்க எண், பத்தி எண், சரியான தகவல், எங்கே பார்த்தீர்கள் என்பது. பாராட்டு ஒரு வரி போதும். மேலே அறுத்த பத்திக்கு என்றால் கடிதம் இப்படி இருக்கும்:

"பக். 31, பத்தி 2. 1938 டிசம்பர் 21 புதன்கிழமை, அமாவாசையை ஒட்டிய நாள் (அவ்வாண்டுப் பஞ்சாங்கம் பார்த்தேன்). நிலவொளி என்பது சாட்சியின் வாக்குமூலத்தில் உள்ளதா, கட்டுரையாளர் சேர்த்ததா? வாக்குமூலத்தில் உள்ளதென்றால் அந்த வரியை அப்படியே அடுத்த இதழில் வெளியிட வேண்டுகிறேன். ரெஃபர்டு டிரையல் எண்ணையும் தந்தால் நாங்களும் தேடிப் பார்ப்போம். அரிவாள் கிடைத்ததா என்பதையும் சொல்லவும்."